பூண்டைப் பூட்டிய நாள்

"மாமா, தொரையோட மூணாறத் தாண்டிட்டேன்" என்று ஜீப் டிரைவர் அருண்பாண்டி போன் செய்தபோது, நல்லமுத்து வீட்டுப் பரணில் பூண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

வட்டவடையில் பூண்டு அடுப்புப் புகையில்தான் காயும். தெரு முழுக்க வாடை. வெளிநாட்டுக்காரர் ஓர் ஊரில் முதல் போடுமுன், அங்கே ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பார் என்று விவசாய ஆபீஸான கிருஷி பவனின் சார் சொல்லியிருந்தார். இந்த ஹாலந்துக்காரர் ஹென்ரிக் இங்கே பூண்டுப்பொடி ஃபாக்டரி கட்டிவிட்டால், வேலைக்காகத் திருப்பூர் ஹாஸ்டலில் கிடக்கும் மகள் அனுப்பிரியா வேலையோடு வீட்டுக்கு வந்துவிடுவாள். நல்லமுத்துவுக்கு வேண்டியது அவ்வளவுதான். இந்த வாடை தொரையை விரட்டிவிடக் கூடாது.

விவசாயிகள் சங்கத் தலைவர் அல்லவா? ஒரே உத்தரவு. பன்னிரண்டு வீட்டுப் பூண்டும் பரணிலிருந்து இறங்கி, சங்கக் கட்டடத்துக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

"அந்தாளு பாக்க வர்றதே பூண்டத்தான?" என்றாள் மனைவி அழகுத்தாய், நிதானமாக.

நல்லமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. திறக்க ஓடினார். சாவியோ, கேரட் லோடோடு மூணாறு போய்விட்ட சங்கச் செயலாளரின் சட்டைப்பையில்.

ஹென்ரிக் வந்து இறங்கியதுமே பூண்டைக் கேட்டார். முதலில் சாப்பாடு என்று வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார் நல்லமுத்து. ரசம் தாளிக்க ஒரு பல் பூண்டு இல்லை. அழகுத்தாய் பக்கத்து வீட்டில் கேட்க, அங்கும் இல்லை, எங்கும் இல்லை. கால் மணி நேரத்தில் பதினோரு குடும்பமும் சாவி கேட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

யார் இவர்கள் என்று, இங்கிலீஷ் தெரிந்த அருண்பாண்டி மூலம் ஹென்ரிக் கேட்டார்.

"விருந்தாளி வந்தா தெருவே ஒண்ணாத்தான் சாப்பிடும்னு சொல்லுடா" என்று அருண்பாண்டியின் காதைக் கடித்தார் நல்லமுத்து.

சொன்னபின் சாப்பிடாமல் இருக்க முடியுமா? சோறு பத்தவில்லை. அவரவர் வீட்டிலிருந்து குழம்புச் சட்டி வந்தது. கேரட் பிடுங்கப் போகவில்லையா என்று அடுத்த கேள்வி. மத்தியானத்துக்கு மேல் இங்கே யாரும் வேலைக்குப் போவதில்லை என்று அடித்துவிட்டார் நல்லமுத்து. அதை நிரூபிக்க, வயலில் நின்றவர்களையும் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டு மாரீஸ்வரி பாட ஆரம்பித்தாள். ஹென்ரிக் வெயிலில் பாய் விரித்து ஒரு மணி நேரம் குறட்டை விட்டார்.

எழுந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. நல்லமுத்துவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இங்கிலீஷில் பேசினார்.

கை விடுபட்டதுமே நல்லமுத்து மகளுக்குப் போன் போட்டார். "பெட்டியக் கட்டு தாயி. போன காரியம் பழம்தான்."

பிறகுதான் அருண்பாண்டியிடம் திரும்பினார். "தொர என்னடா சொன்னாரு?"

அருண்பாண்டி தலையைச் சொறிந்தான்.

"இம்புட்டு நிம்மதியான ஊர ஃபாக்டரி வச்சுக் கெடுக்க மனசு வரலையாம் மாமா. அத போடியில கட்டிக்கிடுறாராம். அவரு குடியிருக்க மட்டும், உங்க வீட்டுல அனுப்பிரியா ரூம் வாடகைக்குக் கிடைக்குமான்னு கேக்காரு."