சுவரில்லாத இடத்தில் ஒரு புலி

பெருமதிப்பிற்குரிய அண்ணார் தெர்கெலின் தாரிகான் அவர்களின் சமூகத்திற்கு,

மெஜுவா-ஜுவா. மலைமேலிருந்து தங்கள் தங்கை ரெகுலினா வணக்கத்துடன் வரைவது. இங்கு நானும் என் கணவரும் ஆரஞ்சு மரங்களும் நலம். மிளகாய்ச் செடிகள் மட்டும் மழையில் ஊறிச் சற்றே மனம் தளர்ந்துள்ளன. மேடானில் தாங்களும் அண்ணியாரும் அவ்வாறே நலமென நம்புகிறேன். தாங்கள் அன்புடன் அனுப்பிய கம்பளிப் போர்வை வந்து சேர்ந்தது. “கண்ணைக் குத்துதே, இதைப் போத்திக்கிட்டு எப்பிடித் தூங்குறது?” என்று நாத்தனார் சடாரிதா வினவினாள். பொறாமை. அதை நான் அலசி வேலியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காணவில்லை. நாத்தனார்மீது எனக்கு ஐயம் உண்டு. எனினும் அதனை இப்போதைக்கு வெளியிடுவதாக இல்லை.

நிற்க. சென்ற கடிதத்தில் தாங்கள், “குரங்கு கத்துவது வெறும் பயத்தால், தான் இருக்கும் இடத்தைத் தானே எதிரிக்குச் சொல்லிக்கொடுக்கும் மூடப் பிராணிக்காக வாதாடாதே” என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரி இங்கே செய்த சேதத்தைத் தாங்கள் அறியமாட்டீர்கள். நம் தோட்டத்து விளிம்பில், காடு தொடங்குமிடத்தில் நிற்கும் மரங்களில்தான் கெடிக் குரங்குக் கூட்டம் குடியிருக்கிறது. காலைத் தூக்கத்தைக் கெடுக்கின்றன என்று என் மாமனார் அம்மரங்களை வெட்டத் துடித்துக்கொண்டிருந்தார். அதனை முடிவுசெய்யக் குடும்பச் சபைக்கும் நாள் குறித்தாயிற்று. தங்கள் வரியை என் கணவர் வாய்வழி அறிந்த மாமனார் நேரே எங்கள் சமையலறைச் சுவரிடம் வந்து, “ஏ சுவரே, மேடான் வாத்தியாரே எழுதிட்டாருன்னு மருமக கிட்ட சொல்லு. கோடாலிக்குச் சாணை புடிச்சாச்சு” என்றார். மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசலாகாது என்னும் ரெபு முறையை எங்கள் வீட்டைப்போல் வழுவாது காப்பவர் இம்மலையில் எவருமிலர். நானும் அதே சுவரிடம், “சுவரே, தங்கள் கருத்து செவிமடுக்கப்பட்டது, ஆயினும் ஏற்கப்படவில்லை என்பதை மாமனாரவர்களுக்குப் பணிவுடன் தெரிவிக்கவும்” என்றேன். “அண்ணி ஒரு வாக்கியத்தை முடிக்கிறதுக்குள்ள புலி வந்து சாப்பிட்டுட்டே போயிரும்” என்றாள் நாத்தனார். அவள் வாய்க்குச் சர்க்கரை போடவேண்டும்.

ஏனெனில் மறுநாள் காலை அதுவே நடந்தது. கணவர் சந்தைக்குப் போயிருந்தார். வெட்டவேண்டிய மரங்களுக்கு அடையாளமிட மாமனார் கோடாலியுடன் தோட்டத்து விளிம்புக்குச் சென்று காட்டுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். நான் மீன்குளத்தருகே களையெடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மேலே குரங்குத் தலைவன் “கொக்-கொக்-காஆ!” என்று அலறத் தொடங்கினான். நிமிர்ந்தேன். மாமனாருக்குப் பின்னால், இஞ்சிப் புதர்களுக்கிடையே, மஞ்சளும் கறுப்புமாய்க் கோடுகள் அசைந்தன. அண்ணாரே, என் நிலையைச் சிந்தியுங்கள்! அழைத்தால் ரெபு மீறல். அழைக்காவிட்டால் மாமனார் இல்லை. சுவரிடம் சொல்லலாமென்றால் தோட்டத்தில் ஏது சுவர்? கையிலிருந்த மண்வெட்டியை நோக்கி, “மண்வெட்டியே, மாமனாரவர்களின் பின்புறத்தே கவனத்திற்குரிய ஒன்று...” என்று தொடங்கினேன், அது முடியாதென்று எனக்கே தெரிந்துவிட்டது.

மேலே தலைவன் கத்துவதை நிறுத்தவில்லை. அவன் மனைவிமாரும் பிள்ளைகளும் ஒவ்வொருவராக மறுகுரல் கொடுத்தாயிற்று, அப்போதும் நிறுத்தவில்லை. அவன் வழக்கத்தை நெடுநாள் கவனித்தவள் நான். கூட்டத்தில் ஒரு குட்டி பழத்தில் மெய்ம்மறந்து பதிலளிக்காவிடினும், அது வாய் திறக்கும்வரை அவன் ஓயமாட்டான். இன்னும் பதிலளிக்காதவர் யார்? நானும் மாமனாரும்! உடனே களைக்கூடையை எறிந்துவிட்டு, யாரையும் நோக்காமல், ஆகாயத்தைப் பார்த்து, “கொக்-கொக்-காஆ!” என்று என் முழு நுரையீரலையும் அர்ப்பணித்துக் கத்தினேன். மாமனார் திரும்பினார், கோடுகளைக் கண்டார், “ஐயோ!” என்ற ஒரே அலறலுடன் என்னைக் கடந்து பாய்ந்து மீன்குளத்தில் கழுத்தளவு இறங்கினார். அக்கணமே தலைவன் அமைதியானான். எல்லோரும் பதிலளித்துவிட்டார்கள் அல்லவா!

தங்கள் வரிக்கு இப்போது விடையளிக்கிறேன். வெறும் பயமென்றால் தனித்திருப்பவனும் கத்தவேண்டும். கூட்டத்தை விட்டுத் தனியே திரிந்த ஒரு கெடி, காட்டுநாயைக் கண்டு ஓசையின்றி மரமேறியதைப் பார்த்தவள் நான். கேட்பவர் இருந்தால்தான் குரல். கேட்பவரோ அதன் சொந்த ரத்தம். அவை பிழைத்தால் அதன் வம்சமே பிழைத்தது. தவிர, பதுங்கி வருவதே புலியின் தொழில். “உன்னைப் பார்த்துவிட்டோம்” என்று மரத்துக்கு மரம் முழங்கினால் அது வேறு இடம் தேடிப் போகவேண்டியதுதான். இவற்றில் மூடத்தனம் எங்கே உள்ளதென்று தாங்களே சுட்டிக்காட்டுங்கள்.

சபை கூடியது. வெற்றிலை வைத்து முடியுமுன் நாத்தனார் எழுந்து, “அண்ணி எங்கப்பாவைப் பாத்துக் கத்திட்டாங்க! ரெபு போச்சு!” என்றாள்.

“என்னன்னு கத்துச்சு?” என்று கேட்டார் கணவரின் பெரியப்பா.

“குரங்கு மாதிரி!”

“மாமான்னு கூப்பிட்டுச்சா?”

“இல்ல.”

“அவரு மூஞ்சியப் பாத்துச்சா?”

“வானத்தைப் பாத்தாங்களாம்.”

“அப்புறம் என்னத்த ரெபு போச்சு? குரங்கு பாஷைக்கு நம்ம முன்னோரு ஒண்ணும் சொல்லல. சிம்பாப் பலகாரத்த எடும்மா, பசிக்குது.”

எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின் மாமனார் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பினார். “ஏ சுவரே, மரமெல்லாம் நிக்கட்டும். கத்துறதுக்கு ஆளு வேணும்” என்றார். கோடாலி பரணுக்குப் போயிற்று. அன்று மாலை கெடிகள் அம்மரங்களில் ஆடிய ஆட்டம் எனக்கான ஊர்வலமென்றே கொண்டேன்.

ஆகவே, அந்த வரியைத் தாங்கள் திரும்பப் பெற்றுக்கொள்வதாக, நாத்தனாரும் வாசிக்கும்படி தெளிவான கையெழுத்தில் ஒரு கடிதம் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். அண்ணியாருக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. தங்கள் கூரைக்குக் கீழே ஆபத்து வராதிருக்கட்டும்; வந்தால் சொல்வதற்கு ஒரு குரல் இருக்கட்டும். மெஜுவா-ஜுவா.

தங்கள் அன்புத் தங்கை,
ரெகுலினா பெரு தாரிகான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் வேளையில் மாமனார் சமையலறைச் சுவரிடம் வந்தார். “ஏ சுவரே, அண்ணன் அனுப்புன கோடு போட்ட கம்பளி பத்திரமா எங்கிட்ட இருக்குன்னு மருமக கிட்ட சொல்லு. அன்னைக்கே புலித்தடம் தேடிப் போனேன். இஞ்சிப் புதர்ல காத்துல ஆடிக்கிட்டுக் கெடந்துச்சு.” சபைக்கு முன்பே தெரிந்திருந்தும் மரங்களை ஏன் விட்டீர்கள் என்று சுவரிடம் கேட்டேன். இம்முறை என் வாக்கியம் மிகச் சிறியதாக இருந்தது. “கம்பளின்னு அவளுக்குத் தெரியாதில்ல? புலின்னு நெனச்சும் ஓடாம நின்னு கத்துனா. அது போதும். ஆனா இது வெளிய வந்துச்சுன்னா நான் கம்பளிக்குப் பயந்து குளத்துல குதிச்ச கதையும் வெளிய வரும். அதனால ரெண்டு பேரும் மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லு.” ஆகவே அண்ணாரே, தாங்களும் இதில் குரல் கொடுக்கவேண்டாம். நாத்தனார்மீது கொண்ட ஐயத்தை மட்டும் இன்னும் சில நாள் வைத்துக்கொள்ள உத்தேசம்.