சத்தம்: பூஜ்ஜியம்

"பூட்டு மட்டும் போதாதும்மா. உள்பக்கம் ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து வச்சுக்கோ" என்று எதிர்வீட்டு டீச்சர் சொன்னபோது, பட்டியல் இன்னும் பாதிப் பெட்டிகளைக்கூடப் பிரித்திருக்கவில்லை.

பட்டியல் என்பது அவளுக்கு அக்கா வைத்த பெயர். எதையும் எழுதி, கோடு போட்டு, மதிப்பெண் கொடுத்துத்தான் முடிவு செய்வாள். செருப்பு வாங்கவே இரண்டு பக்கம் எழுதியவள். இந்த வீட்டுக்கு இருபத்தேழு பக்கம் எழுதியிருந்தாள்.

"பயமில்லாத இடம்னுதானே சொன்னாங்க, டீச்சர்?"

"அப்படித்தான் இருந்துச்சு. போன மாசம் ஒருத்தன் வந்தான். வரிசையா மூணு நாள். சாயங்காலம் ஆறரைக்கு வருவான், எட்டு மணி வரைக்கும் நிப்பான். தலையில ஹெல்மெட். கணுக்கால் வரைக்கும் ரெயின்கோட். கையில ஒரு நோட்டு. ஒவ்வொரு வீடா பார்ப்பான், எழுதுவான். பார்ப்பான், எழுதுவான்."

பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழித்துக்கொண்டிருந்த கத்தரிக்கோல் பாதியில் நின்றது.

அந்த ரெயின்கோட் அவளுடைய அப்பாவுடையது. ஹெல்மெட், கூட வேலை பார்ப்பவளிடம் ஸ்கூட்டரோடு சேர்த்து இரவல் வாங்கியது. மூன்று நாளும் தூறல். நோட்டு, இப்போது டீச்சர் கையை ஊன்றிக்கொண்டிருந்த பெட்டிக்குள் இருந்தது.

"விளக்குக் கம்பத்தை எண்ணினான்மா. இங்கேர்ந்து தெருமுனை வரைக்கும் காலடி வச்சு அளந்தான். ஓடறதுக்குத்தானே அளப்பான்?"

நானூற்றுப் பன்னிரண்டு காலடி. மருத்துவமனை வேன் நிற்கும் இடம் வரைக்கும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். 'அது நான்தான் டீச்சர்.' மூன்றே சொல். வாயைத் திறந்தும்விட்டாள்.

"ஆள் ஆறடிக்குக் குறையாது. பெரிய மீசை வேற" என்றார் டீச்சர்.

பட்டியல் நிமிர்ந்து நின்றால் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு.

"ஹெல்மெட் போட்டிருந்தானே டீச்சர், மீசை எப்படித் தெரிஞ்சுது?"

"அந்த மாதிரி ஆளுக்கு மீசை இல்லாம இருக்குமா?"

"அப்படியா?" என்றாள் பட்டியல்.

அந்த ஒரு 'அப்படியா'தான் அவளைக் கவிழ்த்தது. முதலில் விட்ட உண்மையைப் பிறகு எடுத்து ஒட்டினால் அது உண்மை மாதிரியே தெரிவதில்லை.

அவள் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தாள். காலை ஐந்து மணிக்கு முதல் ஊசி. அதனால் இரவு எட்டு மணிக்குப் படுத்தாக வேண்டும். பழைய அறை ஒரு பைக் மெக்கானிக் கடைக்கு மேலே இருந்தது. அங்கே தூங்காமல் கிடந்து, ஒருநாள் இரண்டு நோயாளிகளின் ரத்தக் குழாய்களில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டாள். மேலதிகாரி கண்டுபிடித்ததால் யாருக்கும் ஆபத்தில்லை. அவளுக்கு மட்டும் மெமோ வந்தது. இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும். அதனால்தான் இந்த இருபத்தேழு பக்கம்.

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்தாள்.

"போய்ச் சொல்லிடேன்டி. இதுல என்ன இருக்கு?"

"நோட்டைக் காட்டச் சொல்லுவாங்க."

"காட்டு."

"எதிர்வீட்டம்மா ஓயாம ஜன்னல்ல எட்டிப் பார்க்கிறாங்க, பாதுகாப்புக்கு நல்லது, நிம்மதிக்குக் கெடுதல், பத்துக்கு ஆறுன்னு எழுதியிருக்கேன்."

அக்கா சிரிக்கிறாள் என்பது மூச்சில் தெரிந்தது.

"வேற யாரைப் பத்தி எழுதின?"

"ரெண்டாம் நம்பர்க்காரர் பனியனோட வாசலுக்கு வர்றார். பார்வைக்கு பூஜ்ஜியம்."

"அவர் யாரு?"

"இந்தத் தெருச் சங்கத்துச் செயலாளர்."

மறுநாள் செயலாளரே வந்தார். சட்டை போட்டிருந்தார். போலீசில் எழுதிக் கொடுத்த புகாரின் நகலைக் காட்டினார். அதில் அந்த ஆளுக்கு வயது நாற்பது, கண்ணில் கொலைவெறி என்று இருந்தது.

"பிள்ளைங்களை ஆறு மணிக்கே உள்ள கூப்பிட்டுக்கறோம்மா. யாரும் வாசல்ல உட்கார்றதில்லை. ஒம்பதாம் நம்பர்க்காரர் நாய் மூணையும் கட்டிலுக்கு அடியிலேயே வச்சிருக்கார்."

"நாயை ஏன் சார் ஒளிச்சு வைக்கணும்? நாய்தானே காவல்?"

"ரொம்ப விலையாம். திருட்டுப் போயிடும்னு பயப்படறார்."

பட்டியலுக்குக் காது மடல் சூடானது. ஏதாவது செய்து இந்தப் பயத்தைத் தணிக்க வேண்டும் என்று நினைத்தாள். "ஒருவேளை கரண்ட் ஆபீஸ் ஆளா இருக்கலாமே சார்? விளக்குக் கம்பத்தைத்தானே எண்ணினான்?"

செயலாளர் முகம் மலர்ந்தது. "பாரு, படிச்ச பொண்ணு" என்று சொல்லி உடனே கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டார். யாரையும் அனுப்பவில்லை என்றார்கள். மாலைக்குள் தெரு முழுக்கச் செய்தி மாறியிருந்தது: அவன் கரண்ட் ஆபீஸ் ஆள் என்று பொய் சொல்லித் திரிகிறான். அடுத்த நாள் உண்மையாகவே மீட்டர் பார்க்க வந்தவரை ஒரு வீட்டிலும் உள்ளே விடவில்லை.

அன்றைய குறிப்பில் பட்டியல் எழுதினாள்: 'தூக்கம், ஏழரை மணி நேரம். வெட்கம், அளக்க முடியவில்லை.'

தடயத்தை ஒழித்தால் விஷயம் தானாக ஆறிப்போகும் என்று தோன்றியது. ரெயின்கோட்டைச் சுருட்டிப் பையில் போட்டு, மூன்று தெரு தள்ளிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். அப்பா இதைப் போட்டுக்கொண்டுதான் அவளைப் பள்ளிக்கூடத்தில் விடுவார். திரும்பி நடக்கும்போது அப்பாவையே தொட்டியில் போட்டுவிட்டு வருவது போலிருந்தது. எதிரே டீச்சர் மருந்து வாங்கிக்கொண்டு வந்தார்.

"இந்த நேரத்துல தனியா எங்கேம்மா போயிட்டு வர்றே?"

"சும்மா... நடந்துட்டு வந்தேன் டீச்சர்."

"மூஞ்சியெல்லாம் வெளிறிக் கிடக்கே. யாராவது பின்னாடி வந்தாங்களா?"

"இல்லை டீச்சர்."

அவள் 'இல்லை' என்ற விதத்திலேயே டீச்சருக்குப் புரிந்துவிட்டது. பின்தொடர்ந்திருக்கிறான். பாவம், வயசுப்பொண்ணு, சொல்லப் பயப்படுகிறது.

மறுநாள் விடியுமுன் நாலரை மணிக்குக் கதவைத் திறந்தால், வாசலில் செயலாளர் நின்றார். ஒரு கையில் தடி, கழுத்தில் விசில்.

"வேன் வரைக்கும் நான் வர்றேம்மா. இனிமே தினமும்."

"வேண்டாம் சார். உங்களுக்கு முழங்கால் வலின்னு டீச்சர் சொன்னாங்க."

"வலி எனக்கு. பயம் உனக்கு. எது பெரிசு?"

நானூற்றுப் பன்னிரண்டு காலடியும் அவர் ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். ஒவ்வொரு காலடியும் அவளுக்கு ஒரு குட்டு. பேச்சு கொடுக்க வேண்டுமே என்று கேட்டாள்: "பையன் என்ன பண்றான் சார்?"

"வீட்டுக்குள்ளேயே சும்மா உட்கார்ந்திருக்கான். அதைப் பார்க்கத்தான் கஷ்டமா இருக்கு" என்றார்.

ஆறு நாள் அவர் வந்தார். ஆறு நாளும், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அவள் வேனில் ஏறினாள். ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறரைக்கு மழைக்கு நடுவே விசில் கேட்டது.

பட்டியல் ஜன்னலைத் திறந்தாள். விளக்குக் கம்பத்தடியில் ஏழெட்டுப் பேர் வட்டமாக நின்றார்கள். நடுவில், முழங்கால் வரைக்கும் ரெயின்கோட் போட்டுக்கொண்டு, ஆறடி உயரத்தில், பெரிய மீசையோடு ஒரு ஆள்.

குப்பை வண்டிக்காரர்.

"நான் சொன்னேன்ல, மீசை" என்றார் டீச்சர் குடைக்குள்ளிருந்து.

"தொட்டியில கிடந்துச்சுங்க. நல்லா இருந்துச்சேன்னு மாட்டிக்கிட்டேன்" என்றார் அவர். "எட்டு வருஷமா இந்தத் தெருவுக்கு வர்றேன். என் மூஞ்சி உங்களுக்குத் தெரியாதா?"

எட்டு வருஷமாக எல்லோரும் பையைத்தான் நீட்டியிருக்கிறார்கள். முகத்தைப் பார்த்ததில்லை.

"உங்க சூப்பர்வைசர் நம்பர் சொல்லுய்யா" என்று செயலாளர் போனை எடுத்தார். "இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாது. அப்புறம் போலீசைக் கூப்பிடறேன்."

"சார், வேலை போயிடும் சார்."

அந்த வார்த்தை மெமோவில் இருந்த அதே வார்த்தை. பட்டியல் நோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். செருப்பு போட மறந்திருந்தாள்.

"கோட் என்னுது சார்."

"நீ உள்ள போம்மா, நனையாதே."

"காலர்ல எங்கப்பா பேர் நூல்ல தச்சிருக்கும். பாருங்க." தச்சிருந்தது. "தொட்டியில போட்டது நான். கரண்ட் ஆபீஸ்னு சொன்னது நான். மூணு நாள் நின்னதும் நான்தான்."

"பயத்துல என்னமோ பேசறா" என்றார் டீச்சர்.

நிரூபிப்பதைத் தவிர வழியில்லை. வண்டிக்காரரிடம் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள். செயலாளரின் ஸ்கூட்டரில் தொங்கிய ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கித் தலையில் கவிழ்த்தாள். விளக்குக் கம்பத்தடியில் நின்று, நோட்டைத் திறந்து, ஒரு வீட்டைப் பார்த்தாள், எழுதினாள்.

டீச்சர் கையிலிருந்த குடை சரிந்தது. "அவனேதான்" என்றார்.

"வீடு பார்க்கத்தான் வந்தேன். எட்டு மணிக்குத் தூங்கியாகணும், அதான் சத்தம் இருக்கான்னு பார்த்தேன். முதல் நாளே சொல்லியிருக்கணும். வெட்கமா இருந்துச்சு. உங்களையெல்லாம் பயமுறுத்திட்டேன், சாரை நொண்ட வச்சேன், இப்ப அண்ணன் வேலைக்கும் உலை வைக்கப் பார்த்தேன்." ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்ததால் அழுகை கிணற்றுக்குள் கேட்பது போலிருந்தது.

செயலாளர் போனைப் பைக்குள் போட்டார். டீச்சர் நோட்டுக்குக் கை நீட்டினார். கொடுக்காமலிருக்க முடியவில்லை. வகுப்பில் படிப்பது போலவே உரக்கப் படித்தார்.

"எதிர்வீட்டம்மா. ஓயாமல் எட்டிப் பார்க்கிறார். பத்துக்கு ஆறு." கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "ஆறா? எனக்கா? முப்பத்தாறு வருஷம் மார்க் போட்டவடி நான்."

"ரெண்டாம் நம்பர் என்ன போட்டிருக்கு?" என்று செயலாளர் எட்டிப் பார்த்தார். பார்த்தவர், சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

யாரோ சிரித்துவிட்டார்கள். அப்புறம் எல்லோரும். டீச்சர் ஆறை அடித்து எட்டாக்கி, பக்கத்திலேயே கையெழுத்தும் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "பொய் சொன்னதுக்கு உனக்கு நான் போடற மார்க்கை நாளைக்குச் சொல்றேன். முதல்ல போய்த் தலையைத் துவட்டு."

"ஆக, அப்படி ஒரு ஆளே இல்லை" என்றார் செயலாளர், மூட்டை இறக்கியவர் போல. "வாங்கய்யா, போய் எல்லார்கிட்டயும் சொல்லுவோம். வீட்டைத் திறந்து விடச் சொல்லுங்க." போகும்முன் வண்டிக்காரரின் முகத்தை நேராகப் பார்த்தார். "மன்னிச்சுக்கய்யா." ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். மழையும் விட்டது.

வண்டிக்காரரும் அவளும் மட்டும் நின்றார்கள். அவள் கோட்டைக் கழற்றி அவரிடமே நீட்டினாள்.

"நீங்களே வச்சுக்குங்க அண்ணே. உங்களுக்குத்தான் அளவா இருக்கு."

அவர் வாங்கி மடித்தார். "ஊர்ல இத்தனை தெரு இருக்க, ஏம்மா இதைப் புடிச்சே?"

"அமைதிக்காகத்தான் அண்ணே." நோட்டைப் புரட்டி, அவருக்காகப் படித்தாள். "முதல் நாள். குழந்தைகள் சத்தம் இல்லை. டி.வி. சத்தம் இல்லை. ஒரு நாய் ஒரே முறை குரைத்தது, யாரோ உடனே வாயைப் பொத்தினார்கள். மூன்று ஜன்னல்கள் ஓசையில்லாமல் சாத்தப்பட்டன. நாகரிகமான மக்கள். சத்தம், பூஜ்ஜியம். ரெண்டாம் நாளும் பூஜ்ஜியம். மூணாம் நாளும் பூஜ்ஜியம். வந்து பத்து நாளா நிம்மதியாத் தூங்கறேன். இன்னும் பதினோரு மாசத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அப்போது இரண்டாம் நம்பர் மாடியில் எதுவோ இடிந்து விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. தாளத்தோடு விழுந்தது. செயலாளரின் பையன் டிரம் செட்டில் உட்கார்ந்துவிட்டான். ஒன்பதாம் நம்பரில் மூன்று நாய்களும் ஒன்றாகக் குரைத்தன. டீச்சர் வீட்டு டி.வி.யில் யாரோ யாரையோ வீட்டை விட்டுப் போகச் சொல்லிக் கத்தினார்கள். எங்கிருந்தோ பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஓடி வந்து, இரும்புக் கேட்டைக் கோல் கம்பமாக்கிப் பந்தை உதைத்தார்கள். நாலாம் நம்பரில் மரம் அறுக்கும் மெஷின் ஓட ஆரம்பித்தது.

பட்டியல் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழே முக்கால். வண்டிக்காரரின் காதருகே போய்க் கத்தினாள்: "என்ன அண்ணே, இன்னைக்கு ஏதாவது விசேஷமா?"

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே, இன்னும் உரக்கச் சொன்னார்: "இது தினப்படி நடக்கறதும்மா; எட்டு வருஷத்துல இந்தத் தெரு வாயை மூடி நான் பார்த்தது, நீ கோட்டை மாட்டிக்கிட்டு வந்து நின்ன நாள்லேர்ந்து இன்னைக்கு வரைக்கும்தான்."