நெஞ்சுல உதைக்குதா?

உறுமல் பெட்டிக்காரர் என்று ஒரு இனம் உண்டு. பார்த்தால் தெரியாது. நம்மைப் போலவே சட்டை போட்டிருப்பார், வேலைக்குப் போவார், பஸ்ஸுக்கு நிற்பார். ஆனால் தெரியாத்தனமாக அவர் வீட்டுக்கு மட்டும் போய்விடாதீர்கள். போனால் உட்காரச் சொல்ல மாட்டார். தண்ணீர் கொண்டு வருவார். குடிக்கத்தானே என்று நீங்கள் கையை நீட்டினால், டம்ளரை ஒரு பெரிய மரப்பெட்டி மேல் வைத்துவிட்டு, "தண்ணியையே பாருங்க" என்பார்.

அந்தப் பெட்டிக்குப் பெயர் சப்வூஃபர். பாட்டுக்கு அடியில் கிடக்கும் உறுமலை மட்டும் பிடித்துத் தனியாகக் கக்குகிற ஸ்பீக்கர். கடையில் சின்னதாக, மூலையில் அடங்கி உட்காரும்படி கிடைக்கிறது. இந்த இனத்துக்கு அது ஆகாது. தானே பலகை வாங்கி, தானே அறுத்து, தானே பசை தடவி, நாலு வாஷிங் மெஷினைச் சேர்த்து வைத்த அளவுக்குக் கட்டினால்தான் தூக்கம் வரும். கட்டின பிறகு தெருவில் யாருக்கும் தூக்கம் வராது என்பது வேறு விஷயம்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் மாப்பிள்ளை அந்த இனம்.

தங்கமான பிள்ளை. சிகரெட் கிடையாது, சீட்டு கிடையாது. இந்த ஒன்றுக்குப் பதில் அந்த இரண்டும் இருந்திருக்கலாமோ என்று எனக்கே சில நாள் தோன்றியிருக்கிறது. பாட்டாவது கேட்பாரா? அதுவும் இல்லை. ரயில் போகிற சத்தம், இடி இடிக்கிற சத்தம், ஹெலிகாப்டர் இறங்குகிற சத்தம். ஜன்னல் கண்ணாடி பல்லைக் கடிக்கும், அலமாரியில் டம்ளர்கள் மெல்ல நடந்து விளிம்புக்கு வரும், கூரையிலிருந்து சுண்ணாம்பு நம் தலையில் உதிரும், எதிர்வீட்டு நாய் யாரையோ கூப்பிடும். அபூர்வமாக ஒரு பாட்டைப் போட்டாலும், பாடுகிறவர் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து நிறுத்திவிடுவார். நமக்கு வேண்டியது அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டதாம். பிறகு நம் முகத்தையே பார்த்துக் கேட்பார்:

"நெஞ்சுல உதைக்குதா மாமா?"

பக்கத்து வீட்டில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் இருக்கிறார். அவரையும் ஒரு நாள் பிடித்து நிறுத்திக் கேட்டாயிற்று. அவர் நிதானமாக, "வேலை பாத்த காலமெல்லாம் இதே உதைய இன்ஜின் எனக்குக் குடுத்துச்சு தம்பி. அதுக்கு சம்பளமும் குடுத்தாங்க" என்றார். மாப்பிள்ளை அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். இந்த இனத்துக்கு எல்லாமே பாராட்டுதான்.

இதற்குள் என் மகளுக்கு மாதம் நெருங்கியது. பெட்டி இருக்கிற அறைதான் குழந்தைக்கு என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். ஹாலுக்கு மாற்றிவிடுகிறேன் என்று இவரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பேத்தி பிறந்தாள். என்ன அழகு, என்ன மூக்கு! சரி, அதை அப்புறம் சொல்கிறேன். மறுநாள் தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வர வேண்டும். நானும் மாப்பிள்ளையும் பக்கத்து வீட்டு டிரைவரும் மூச்சைப் பிடித்துப் பெட்டியை அறை வாசல்வரை தள்ளினோம். அங்கே நின்றுவிட்டது. பெட்டிக்குள் எவ்வளவு காற்று அடங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிற மனிதர், கதவு எவ்வளவு அகலம் என்று பார்க்கவே இல்லை. அறைக்குள்ளேயே உட்கார்ந்து கட்டியிருக்கிறார்.

தச்சரைக் கூப்பிட்டோம். ஒன்று பெட்டியை அறுக்க வேண்டும், இல்லை சுவரை இடிக்க வேண்டும் என்றார். மாப்பிள்ளை யோசிக்கவே இல்லை.

"சுவத்த இடிச்சிட்டுத் திரும்பக் கட்டிக்கலாம் மாமா. பெட்டிய அறுத்தா காத்து கசிஞ்சிடும்."

சுவர் பிழைத்தது, மறுநாளே மகள் வந்துவிட்டதால். பிள்ளையோடு வாசலில் நின்று பெட்டியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அது போற வரைக்கும் நாங்க அப்பா வீட்டுல இருக்கோம்" என்றாள். மாப்பிள்ளைக்கு முகம் செத்துவிட்டது. போய் ரம்பத்தை எடுத்து வந்தார். எடுத்து வந்தாரே தவிர, கை ஓடவில்லை. பலகையைத் தடவிக்கொண்டே நின்றார். அந்த நேரம் பார்த்து பேத்தி துணியை நனைத்தாள். பச்சை உடம்புக்காரி, குனிய முடியாது. சுற்றுமுற்றும் பார்த்து, வேறு வழியில்லாமல் குழந்தையைப் பெட்டி மேல் கிடத்தித் துணி மாற்றினாள். சரியாக இடுப்பு உயரம்.

"ரம்பத்த வைங்க. இனிமே இது பாப்பா மேசை. ஒயரப் பிடுங்குங்க."

பிடுங்கினார். ரப்பர் விரிப்பு, பவுடர் டப்பா, துணி அடுக்கு எல்லாம் ஏறின. மாப்பிள்ளை துணி மடிக்கிற சாக்கில் வந்து ஒரு மூலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். வீடு அமைதியானது.

அமைதியை யார் கெடுத்தார்கள் என்பதுதான் கதை. பேத்தி பால் குடித்துவிட்டு ஒரு ஏப்பம் விட்டாள். என்ன ஏப்பம் அது! போனில் பிடித்து வைத்தேன். பால்காரரிடம் போட்டுக் காட்டினேன், தபால்காரரிடம் காட்டினேன், தப்பான நம்பருக்குப் பேசிய ஒருவரிடமும் காட்டினேன். டிரைவர் மட்டும், "ஒன்னும் கேக்கலியே" என்றார். போன் ஸ்பீக்கர் சின்னது. அந்த ஏப்பத்தின் கனம் அதில் எப்படி வரும்?

மகள் அடுத்த அறையில் பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். நான் குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளை, அந்த ஒயரு..." என்றேன். முடிப்பதற்குள் சொருகி, என் போனையும் பெட்டியோடு இணைத்துவிட்டார்.

பவுடர் டப்பா எகிறிக் கீழே விழுந்தது. ஜன்னல் பல்லைக் கடித்தது. நான் டிரைவரின் முகத்தையே பார்த்துக் கேட்டேன்:

"நெஞ்சுல உதைக்குதா?"

அடுத்த அறையில் பிள்ளை வீறிட்டது. "யாரு ஒயரச் சொருகுனது?" என்று மகளின் குரல். நானும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் டிரைவரைக் காட்டினோம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். வீட்டுக்கு வந்தவர் செருப்பைத் தேடும்போது, "இத மட்டும் ஒரு தடவ பாத்துட்டுப் போங்க" என்று நீங்கள் சொன்னதே இல்லையா? எதற்கும் உங்கள் வீட்டுக் கதவை ஒரு முறை அளந்து வையுங்கள். அந்த மூக்கைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே, போட்டோ இருக்கிறது. கொஞ்சம் இருங்கள்.