பஸ் என்றால் எல்லாருக்கும்

தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாதது ஒரு வியாதி. எனக்கு அது முற்றிய ஒரு நாளில் பெற்ற மகளையே தொலைக்கப் பார்த்தேன்.

கயல் அப்போது நான்காம் வகுப்பு. பெரம்பலூரில் பேச்சுப் போட்டி. ஏதாவது ஓர் ஆங்கிலச் சொல்லின் கதையைச் சொல்ல வேண்டும். நான் 'பஸ்' எடுத்துக் கொடுத்தேன். லத்தீனில் 'ஆம்னிபஸ்' என்றால் 'எல்லாருக்கும்'. தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் உலகம் வைத்துக்கொண்டது. (நம்மூரில் அந்த முழுப் பெயர் உள்ள பஸ்ஸில்தான் எல்லாராலும் ஏற முடியாது.) லத்தீனை நானே பெற்றெடுத்த மாதிரி எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று முகூர்த்த நாள். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நெரிசல். வழக்கப்படி கயலை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளி, எனக்கும் சேர்த்து சீட்டுப் பிடிக்கச் சொன்னேன். வேப்பந்தட்டைக்குப் போகப் பின்னால் நின்ற ஓர் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"பஸ்ஸு என்ன ஒங்க வூட்டு வண்டியாங்க?"

பேசாமல் ஏறியிருக்கலாம். "பஸ்ஸுங்கற வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமாங்க?" என்று பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். லத்தீனில் கிளம்பி, பிரான்ஸைத் தாண்டி, லண்டனை நெருங்கும்போது பஸ் போய்விட்டது.

ஓடினேன். கேட்டுக்கொண்டிருந்த பாவத்துக்கு அந்த அக்காவும் ஓடினார். ஜன்னலில் கயலின் கை தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. (தெருவுக்கு ஒரு செல்போன் இருந்த காலம். எங்கள் தெருவில் அது என்னிடம் இல்லை.)

அடுத்த பஸ்ஸில் நான் வேண்டாத சாமி இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டே அக்கா சொன்னார்: "எல்லாருக்கும்னீங்க. நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் இல்லாம போச்சே."

பெரம்பலூரில் அந்த பஸ் காலியாக நின்றது. உள்ளே கயல் மட்டும், பக்கத்து சீட்டில் கைக்குட்டையை விரித்து அதன்மேல் கையை ஊன்றியபடி. கண்டக்டர் என்னைக் கண்டதும் பொரிந்தார்.

"பஸ்ஸுன்னா எல்லாருக்கும்னு வழி பூரா பேசிக் காட்டுது. அந்தச் சீட்டுல மட்டும் ஒருத்தரயும் ஒக்கார வுடலம்மா. எங்கம்மா வருவாங்கன்னு சொல்லிட்டு எறங்கவும் மாட்டேங்குது."

கட்டிக்கொண்டு அழுதேன். பயந்துட்டியா என்று கேட்டேன். "ஆமாம்மா, சீட்டு போயிருமோன்னு" என்றாள்.

போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினாள். இன்றும் பஸ் உறுமினால் என் கை கயலைத் தேடும். கல்யாண வேனுக்கு அருகில் நின்று நான் வாயைத் திறந்தாலே என் கணவர் குரல் கொடுத்துவிடுவார்:

"மொதல்ல இவள ஏத்துங்கப்பா. அர்த்தத்த உள்ள ஒக்காந்து சொல்லட்டும்."