வெறும் சுளுக்குதான்!

யாராவது கீழே விழுந்தால் ஓடிப்போய்த் தூக்குகிறவர்கள் ஒரு ரகம். நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் இன்னொரு ரகம். நான் சொல்லவருவது மூன்றாவது ரகம். விழுந்தவர் தரையைத் தொட்டு, வலி மூளைக்குப் போய், வாய் திறந்து 'அம்மா' என்று கத்துவதற்குள், "ஒண்ணுமில்ல, வெறும் சுளுக்குதான்" என்று தீர்ப்பெழுதிவிடுகிறவர்கள். இவர்களுக்குச் 'சுளுக்குச் சித்தப்பா' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்துச் சித்தப்பா ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்கிறவர். அவருடைய மேசை டிராயரில் பாதி பிதுக்கிய வலி மருந்துக் குழாய் ஒன்றும், எங்கள் எல்லோருடைய கணுக்காலையும் ஒருமுறையாவது சுற்றிவந்த பழைய கட்டுத்துணி ஒன்றும் இருக்கும். படிப்பு? இருபது வருடத்துக்கு முன்னால் அவருக்கே கால் சுளுக்கியது, தானாகவே சரியாகிவிட்டது. அதுதான் படிப்பு, அதுதான் பட்டம்.

போன மழைக்காலத்தில் எங்கள் எலக்ட்ரீஷியன் விளக்கு மாற்ற ஏறி, ஏணியோடு சரிந்து, வலது கையை ஊன்றி விழுந்தார். சித்தப்பா வந்தார். கையைத் தொட்டார். கண்ணை மூடினார்.

"விரலை ஆட்டு. ஆடுதா? எலும்பு போயிருந்தா ஆடுமாப்பா?"

"மணிக்கட்டுல ஏதோ துருத்திக்கிட்டு இருக்கே, சித்தப்பா?"

"வீக்கம்னா துருத்தத்தான் செய்யும். உள்ளயா போகும்?"

கட்டுத்துணி சுற்றப்பட்டது. அடுத்த ஒன்பது நாளும் அவர்தான் தினமும் கட்டை அவிழ்த்து, மருந்து தடவி, மறுபடி சுற்றினார். அன்பில் குறை சொல்லவே முடியாது. எங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தார். இப்போது இல்லை. 'ஒண்ணுமில்ல' என்று சொல்ல ஆள் இல்லாத வீட்டில் கால் இடித்துக்கொண்டால் வலி கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் வீட்டில் எலக்ட்ரீஷியனின் மனைவி வலி மாத்திரை கொடுக்க வந்தாள்.

"கையை நீட்டுங்க."

"நீட்டிட்டேனே."

"புறங்கையில மாத்திரை வாங்குற ஆளை இப்பதான் பாக்குறேன். திருப்புங்க."

"திரும்பலடி."

அவ்வளவுதான், அவள் செருப்பை மாட்டிக்கொண்டு அவரை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். திருப்புளி பிடிக்கிற கை திரும்பாவிட்டால் அவர் வேறு என்ன வேலைக்குப் போவார்?

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இளம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டி, "முறிவு எதுவும் இல்லை. சுளுக்குதான்" என்றார். பார்த்தீர்களா? இந்த இனம் வெள்ளைக் கோட்டிலும் உண்டு.

அவள் எழுந்திருக்கவில்லை. "முறிஞ்சிருக்கான்னு நான் கேக்கல, டாக்டர். ஏன் திரும்பலன்னு கேக்குறேன்."

டாக்டர் நல்லவர், வெட்கப்படத் தெரிந்தவர். கையை மறுபடி பார்த்தார். சரியாகப் பக்கவாட்டில் வைத்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். முன்கையில் இரண்டு எலும்புகள் உண்டு. நாம் சாவியைத் திருப்பும்போது ஒன்றைச் சுற்றி ஒன்று உருளும். அவற்றில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, எங்கும் உடையாமல், மணிக்கட்டு மூட்டிலிருந்து பின்புறமாக நழுவி நின்றது. உடையாமல் இது மட்டும் தனியாக நழுவுவது மிக அபூர்வமாம்.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஆபரேஷன்தான். அப்பவும் முழுசாத் திரும்பும்னு சொல்ல முடியாது" என்றார்.

மயக்கம் கொடுத்து எலும்பை இடத்தில் உட்கார வைத்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் அவர் ஊரெல்லாம் எதையோ கேட்டுக் கையேந்துகிறவர் போலவே நடந்தார். சித்தப்பா பார்க்க வந்து, அந்தக் கையில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்தார்.

"நான் அப்பவே நினைச்சேம்மா, இது சாதாரணச் சுளுக்கு இல்லன்னு."

"பின்ன என்ன, ஸ்பெஷல் சுளுக்கா?" என்றாள் அவள்.

கட்டைப் பிரித்த அன்று கை முக்கால்வாசி திரும்பியது. மீதிக்குப் பயிற்சி சொல்லியிருக்கிறார்கள். தினமும் ஒரு கதவுப்பிடியைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். எத்தனை தடவை என்று எண்ணுவது அவள்.

சரி, வாசகரே, படித்துக்கொண்டே நீங்கள் உங்கள் கையைத் திருப்பிப் பார்த்தீர்கள்தானே? திரும்பியதல்லவா? மகிழ்ச்சி. நாளைக்கு உங்கள் எதிரே யாராவது வழுக்கி விழுவார். நீங்கள் ஓடிப்போவீர்கள். "எங்க, கையைத் திருப்பு பாப்போம்" என்பீர்கள். அவர் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிவிடுவார்.

அடுத்து நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.