பிளாசிடோவுக்கு ஒரு தட்டு

மெல்ச்சோர் செய்திருக்க வேண்டியது சின்ன வேலைதான். இழவு வீட்டிலிருந்து கிளம்பி, வழியில் ஒரு கடையில் நின்று, எதையாவது வாங்கித் தின்றுவிட்டு, பிறகு மனைவியைப் பார்க்கப் போயிருக்க வேண்டும். எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். இழவு வீட்டிலிருந்து நேரே வீட்டுக்குப் போனால் செத்தவர் கூடவே வந்துவிடுவார். நடுவில் நாலு பேர் கூடும் இடத்தில் நின்றால், பராக்குப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவார்.

ரொட்டிக்கடை வாசலில் அவன் தன் மூன்று சக்கர வண்டியை நிறுத்தும்போதே மனைவி நேலியா எதிரே வந்துவிட்டாள். மூன்று மணிக்குக் கோயில் வாசலில் சந்தித்து, இரண்டு நாள் திருவிழாவையும் தின்றே கழிப்பது என்று பேச்சு. மணி இரண்டரைகூட ஆகவில்லை. மே மாத வெயில், வயிற்றில் ஐந்து மாதம், கையில் குடை இல்லை.

"இங்க என்ன பண்றே மெல்?"

"டயர் பஞ்சர்" என்றான். மூன்று டயரும் நன்றாகத்தான் இருந்தன. அவள் அதைப் பார்க்கவில்லை. அக்கா வீட்டிலிருந்து வருவதாகச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

செத்தவர் பிளாசிடோ. ஒன்பது வருஷத்துக்கு முன் அவர்கள் கல்யாணத்துக்கு ஞானத்தகப்பனாக நின்றவர். இரண்டு தடவை நேலியாவுக்குக் கரு கலைந்தபோதும் வந்து, ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாமல், கூரை ஒழுகலை அடைத்துவிட்டுப் போனவர். வியாழக்கிழமை அவர் போய்ச் சேர்ந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி சவப்பெட்டியைப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டு வந்தவனும் அவள் பக்கத்தில் வரக்கூடாது. ஆகவே இரண்டு பேருமே போவதில்லை, பிள்ளை பிறந்த பிறகு தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போகலாம். நேலியா அழுதுகொண்டே சரி என்றாள். மெல்ச்சோரும் சரி என்றான். சனிக்கிழமை மத்தியானம் மனசு கேட்கவில்லை, போய்விட்டான்.

இப்போது பிளாசிடோ அவன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். மூன்றாவது பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிட்டால் அது இவன் செய்த வேலை.

அவரை எங்கேயாவது இறக்கிவிட வேண்டுமென்று, முதலில் காடை முட்டை பொரிக்கிற கடையில் நிறுத்தினான். வேண்டுமென்றே ஒவ்வொரு முட்டையாக மென்று நேரம் கடத்தினான். கிளம்பும்போது காற்றடித்துக் கடைக்குடை சாய்ந்தது. சாய்ந்தது போகட்டும், அவர்கள் பின்னாலேயே பத்தடி உருண்டு வந்தது.

ஐஸ் துருவிப் பழமும் பயறும் போடுகிற ஹாலோ-ஹாலோ சாப்பிடலாமா என்று கேட்டான். கேட்டு முடிப்பதற்குள் அவள் சரி என்றாள். பிள்ளைக்கு நல்ல பசி என்று நினைத்து அவன் கொஞ்சம் சந்தோஷப்பட்டான், பாவம். அங்கே உட்கார்ந்ததும் ஊர் பேண்டு வாத்தியம் வந்து சரியாக அவர்கள் மேஜை முன்னால் நின்றது. பெரிய குழல் ஊதுகிறவர் இடம் மட்டும் காலி. அது பிளாசிடோவின் இடம், மரியாதைக்கு விட்டிருக்கிறார்கள். பாதிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தான். நேலியா அவனுக்கு முன்னால் எழுந்து நடந்தாள்.

சுட்ட கோழிக்குடல் கடையில் இன்னும் மோசம். பிளாசிடோ தினமும் பத்துக் குச்சி தின்பாராம். அவர் நினைவாக ஆளுக்கு ஒரு குச்சி இலவசம் என்று கடைக்காரர் கையில் திணித்தார். மெல்ச்சோர் குச்சியைப் பாம்பைப் பிடித்தவன் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை. நல்லவேளை, அவளும் கேட்கவில்லை.

கடைசியில் அவனுக்கு ஒன்று தோன்றியது. மனுஷன் பசியோடு வருகிறார், அவ்வளவுதான். பன்சித் நூடுல்ஸ் கடையில் நேலியா கை கழுவப் போன சமயம் கூடுதலாக ஒரு தட்டு வாங்கி, பெஞ்சின் கோடியில் வைத்தான்.

"ஐயா, வயிறாரச் சாப்பிட்டு இங்கேயே இருங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்" என்று முணுமுணுத்தான். நல்ல மனுஷரைத் துரத்துகிறோமே என்றிருந்தது.

தங்கள் பங்கைத் தின்று முடித்ததும் விறுவிறுவென்று வெளியே வந்தான். நேலியா செருப்பு வார் கழன்றுவிட்டதென்று சற்றுப் பின்தங்கி வந்தாள். நாலு கடை தாண்டியிருக்க மாட்டார்கள், பன்சித் கடைக்காரி மூச்சிரைக்க ஓடிவந்து வழியை மறித்தாள். இரண்டு கையிலும் இரண்டு தட்டு.

"திருவிழா நாள்ல சோத்தை எறிஞ்சுட்டுப் போறீங்களே, நல்லாவா இருக்கு? வாயும் வயிறுமா இருக்கே, உக்காந்து சாப்பிடு தாயி."

தான் வைத்தது ஒரு தட்டுதானே என்று மெல்ச்சோர் குழம்பினான். யார் மிச்சத்தையோ சேர்த்துக் கொண்டுவந்துவிட்டாள் போலிருக்கிறது. இதில் பிளாசிடோவின் தட்டு எது? நேலியா எதிரில் கடைக்காரியிடம் கேட்க முடியுமா?

இரண்டையும் தானே தின்கிறேன் என்று வாங்கப் பார்த்தான். நேலியா விடவில்லை. தனக்குத்தான் பசி, இரண்டையும் தானே தின்கிறேன் என்று அவள் இழுத்தாள். சுற்றி ஆள் கூடிவிட்டது. கடைக்காரி ஆளுக்கொன்றாகக் கையில் வைத்து, எதிரேயே இடுப்பில் கைவைத்து நின்றாள். இருவரும் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, கஷாயம் குடிக்கிற முகத்தோடு ஒரு இழை விடாமல் தின்று முடித்தார்கள். நேலியாவின் கண்ணில் நீர் முட்டியது.

அதைப் பார்த்ததும் அவனால் தாங்க முடியவில்லை. அடித்தாலும் சரி, அம்மா வீட்டுக்குப் போனாலும் சரி, உண்மையைச் சொல்லிவிடுவதென்று அவள் கையைப் பிடித்தான். "நேலியா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றான்.

அப்போது பார்த்து பிளாசிடோவின் தங்கை மிலாக்ரோஸ், துக்கத்துக்கு வருகிறவர்களுக்காக ஐஸ்கட்டி வாங்கிக்கொண்டு அந்த வழியே வந்தாள். கறுப்புச் சட்டை, தூங்காத கண். வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"காலைல நேலியா வந்து பெட்டியைக் கட்டிக்கிட்டு அழுதா, மத்தியானம் நீ வந்து அழுதே. எங்கண்ணன் உங்களைச் சேர்த்துத்தானேப்பா வச்சாரு, தனித்தனியா வர்ற அளவுக்கு அப்படி என்ன சண்டை?"