மேலப்பாளையம் முக்கில் பதினோரு சுற்று

தென்காசியில் சீரும் சிறப்புமாக இருக்கும் தளவாய் அத்தான் அவர்களுக்கு, திருநெல்வேலி பேட்டையிலிருந்து மைத்துனன் பூதலிங்கம் கும்பிட்டு எழுதுவது. இங்கு நானும் செல்லக்கிளியும் மகன் இசக்கிமுருகனும் நலம். அங்கு உங்கள் சர்க்கரையும் அக்காவின் முழங்காலும் சொன்னபடி கேட்கின்றனவா என்று அறிய ஆவல். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் காதில் பாதிதான் விழும், மீதியை அக்கா தன் போக்கில் முடித்துக்கொள்வாள். அப்படி முடித்துக்கொள்ளக்கூடிய விஷயம் இதுவல்ல என்பதால் கடிதம்.

இசக்கிமுருகனுக்கு நீங்கள் பார்த்திருக்கும் சேரன்மகாதேவிப் பெண் பிரியதர்ஷினியைப் பற்றித்தான். 'பெண் போக்குவரத்தில் வேலை பார்க்கிறாள், இந்த வாரம் மேலப்பாளையத்தில் வேலை' என்று சொல்லிவிட்டு நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். செல்லக்கிளி அதைக் கேட்டு, வரப்போகும் மருமகள் பஸ் டிப்போவில் அதிகாரி, குடும்பத்துக்கே இலவசப் பாஸ் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட, எங்களோடு திருச்செந்தூருக்கு வருவதாக அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் பெயரும் கொடுத்துவிட்டார்கள். பிறகு இசக்கிமுருகன்தான் இன்டர்நெட்டில் பார்த்து விளக்கினான். அது கம்பெனி வேலையாம். யாராவது புதிதாக மண்டபமோ ஆஸ்பத்திரியோ கட்டப்போனால், அதனால் எவ்வளவு வண்டி கூடும், ரோடு தாங்குமா, வாசல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்றெல்லாம் ஆராய்ந்து அறிக்கை எழுதிக் கொடுப்பார்களாம். அதைப் பார்த்துத்தான் கட்டிடத்துக்கு அனுமதி கிடைக்குமாம். "கட்டாத கட்டிடத்துக்கு வாற கூட்டத்த இப்பவே எப்படி எண்ணுவா? கண்ணால பாத்துட்டு வாங்க" என்று செல்லக்கிளி என்னைக் கிளப்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, அடையாளம் தெரியாமல் இருக்க ஹெல்மெட்டுக்குள் துண்டைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன். மேலப்பாளையத்தில் ஒரு முக்கில், காலி மனை ஒன்றுக்கு முன்னால், பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் அட்டை, அட்டையில் தாள், போகிற வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு. அத்தான், எம்.இ. படித்த பெண் ரோட்டோரத்தில் உட்கார்ந்து ஆட்டோ எண்ணுகிறாள்! நின்று பார்க்கலாம் என்றால் எதிரே ஒரே ஒரு டீக்கடை, அங்கே நின்றால் நேருக்கு நேர் முகம். ஆகவே அவளைக் கடந்து பஜார் வரை போய், பின்தெரு வழியாகச் சுற்றி வந்து மறுபடி கடந்தேன், மறுபடி சுற்றினேன். சுற்றுக்கு ஒரு விவரம் கிடைத்தது. தண்ணீர் குடிக்கும்போதும் அவள் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. எட்டாவது சுற்றில் வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று எனக்கு முன்னால் அசைந்து போக, அவள் எழுந்து நின்றே எழுதினாள். (ரோட்டை அடைக்கிற இடத்தை வைத்து, ஒரு மாட்டு வண்டிக்கு எட்டுக் கார் கணக்காம். பிறகு தெரிந்துகொண்டேன்.) பதினோராவது சுற்றில் ரோட்டுக்கே வந்து, கையை நீட்டி என்னை நிறுத்திவிட்டாள்.

"ஐயா, வழி தெரியாமச் சுத்துதீங்களா? காலையில இருந்து பாக்கேன்."

வாயில் வந்ததைச் சொன்னேன். "அசன் மைதீன் வீடு எங்கன இருக்குன்னு தேடுதேம்மா." தெருவுக்கு நாலு அசன் மைதீன் உள்ள ஊர், எந்த அசன் மைதீன் என்று அவள் கேட்பாள், தெரியாது என்று பைய நழுவிவிடலாம் என்பது என் யோசனை. அவள் கேட்கவே இல்லை. "இந்தா, மனைக்கு அடுத்த பச்சக் கேட்டுதான்" என்று காட்டியதோடு, "பாய், ஒங்களத் தேடி ஒருத்தர் வந்திருக்காரு!" என்று சத்தமும் கொடுத்துவிட்டாள்.

கைலி வியாபாரம் செய்து ஓய்ந்த பெரியவர் அசன் மைதீன், யார் என்று கேட்காமலேயே என்னை உள்ளே கூட்டிப்போய் ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்தார். துண்டை அவிழ்த்தேன். சட்டைப் பையில் இரண்டு பேனாவைப் பார்த்ததும், "ஆபீஸ்ல இருந்தா வாறீங்க?" என்றார். மின்வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்த பழக்கத்தில், "ஆமா, ஆபீஸ்தான்" என்று சொல்லித் தொலைத்தேன். உடனே மடை திறந்தது. அடுத்த மனையில் முகம்மது இப்ராஹிம் என்பவர் கல்யாண மண்டபம் கட்டப்போகிறாராம், வாசலை இவர் வீட்டை ஒட்டி வைக்கிறாராம், வருகிற கார் அத்தனையும் பச்சைக் கேட்டுக்கு முன்னால்தான் நிற்குமாம்.

"அங்கன நிக்காஹ் நடக்குத அன்னிக்கு இங்கன ஒரு மௌத்து விழுந்தா, ஜனாஸாவ எந்தப் பக்கமா வே தூக்கிட்டுப் போவேன்? எங்க உம்மாவுக்குத் தொண்ணூத்தி ரெண்டு வயசு!"

"நான் இன்னும் போவல லே" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். "மொதல்ல அவருக்கு டீயக் குடு."

டீ வந்தது. அந்த அம்மாள் குரலைக் கேட்ட பிறகு எனக்கும் மனசு இளகி, "கவலப்படாதீங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னதுதான் தாமதம், மனிதர் என் கையைப் பிடித்துத் தரதரவென்று மனைக்கு இழுத்துப் போனார். அந்த நேரம் பார்த்து இப்ராஹிமும் சுருட்டிய வரைபடத்தோடு காரை விட்டு இறங்குகிறார்.

"இந்தா ஆபீசரே வந்துட்டாரு! வாசல மாத்தணும்னு சொல்லிட்டாரு!"

"எந்த ஆபீசரு? யாரக் கேட்டு வே சொன்னீரு?" என்று இப்ராஹிம் என் மேல் பாய்ந்தார். "இருவத்திரெண்டு வருசம் துபாய் வெயில்ல கெடந்து கட்டுத மண்டபம் வே இது!"

இருவரும் என்னை நடுவில் வைத்துச் சத்தம் போட, இரண்டு ஆட்டோ நின்றது, அதற்குப் பின்னால் ஒரு பஸ் நின்றது. பிரியதர்ஷினி எழுந்து வந்தாள். குரலை உயர்த்தவே இல்லை, அத்தான்.

"இப்ராஹிம் பாய், மூணு பேரு நின்னு பேசுனதுக்கே பஸ்ஸு நின்னுட்டு, பாத்தீங்களா? முகூர்த்த நாள்ல எரநூறு கார் வந்தா கல்யாணப் பொண்ணே மண்டபத்துக்கு வந்து சேராது. வாசல் இங்கனதான்னா நான் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட மாட்டேன்."

"நான் வச்ச கம்பெனி எனக்கு எதிராவே எழுதுமா?"

"எதிரா இல்ல பாய். வாசலப் பின்னால கால்வா ரோட்டுக்குக் கொண்டு போங்க. முன்னால இருக்க சமையக்கட்ட நகத்திட்டுக் கார் நிறுத்த எடம் விடுங்க. அனுமதியும் கெடைக்கும், இவங்க உம்மாவும் நிம்மதியா இருப்பாங்க."

இப்ராஹிம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "பிரியாணி வாசம் ரோடு வரைக்கும் வரணும்னு ஆசப்பட்டேம்மா" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. எனக்கே பாவமாக இருந்தது. பிறகு, "சரி, மாத்தி வரஞ்சு குடு" என்று வரைபடத்தை அவள் கையில் கொடுத்துவிட்டார். அசன் மைதீன் அவர் தோளில் கையைப் போட்டார். எல்லாம் சுபம் என்று நான் ஸ்கூட்டரைப் பார்த்து நகரும்போது பெண் கேட்டாள்: "ஐயா, நீங்க எந்த ஆபீசு?"

இரண்டு பாய்களும், டீக்கடையும், பஸ்ஸின் ஒரு பக்க ஜன்னல் முழுவதும் என்னையே பார்த்தன. "நான்… மாப்பிள்ளையோட அப்பா" என்றேன்.

"எந்த மாப்பிள்ள?" என்றார் இப்ராஹிம். "மண்டபம் இன்னும் கட்டவே இல்லியே வே!"

"இசக்கிமுருகனோட அப்பாம்மா. போட்டோ குடுத்து விட்டிருந்தோம்லா."

அவள் கோபப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை. என்னைப் பார்த்தாள், ஸ்கூட்டரைப் பார்த்தாள், கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "அப்போ பதினோரு வண்டியக் கழிக்கணும்" என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று ஒவ்வொன்றாக அடித்தாள்.

அத்தான், வீடு வரும் வரை எனக்கு அந்த முகம்தான். தன்னை அமர்த்தியவர் முகத்துக்கு நேரே, இது சரியில்லை என்று சொன்னாள், அவர் மண்டபத்தையும் காப்பாற்றிக் கொடுத்தாள். நம் பையனோ, ஓட்டலில் சாம்பாருக்குப் பதில் ரசத்தை ஊற்றினாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு வருகிறவன். அவனுக்கு இவள்தான் வேண்டும். இவள் நம் வீட்டுக்கு வராமல் போய்விடுவாளோ என்று இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதாக முடிவு செய்து, வேனும் சொல்லிவிட்டேன். நீங்களும் அக்காவும் சனிக்கிழமையே வந்துவிடுங்கள். அங்கே பேச்சு முழுவதையும் நானே நடத்திக்கொள்கிறேன், பெண்ணின் அருமையை நேரில் கண்டவன் நான் ஒருவன்தானே. நீங்கள் பெரியவராக நடுவில் உட்கார்ந்திருந்தால் போதும், வாயைத் திறக்கவே வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் இருவர் ஆசியும் உரித்தாகட்டும்.

என்றும் உங்கள் அன்பை நாடும்
பூதலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் சேரன்மகாதேவியிலிருந்து பெண்ணின் அப்பா போன் செய்தார். "வேலைக்குப் போன பொண்ண வேவு பாக்குத வீட்டுல எப்படிய்யா பொண்ணக் குடுக்க?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்குள் பெண்ணே போனை வாங்கி, "ஞாயித்துக்கிழம எல்லாரும் வாங்க, ஒங்க மகன்கிட்ட நான் பேசணும். ஆனா மாமா மட்டும் வர வேண்டாம்" என்றாள். மாமா என்றது என்னைத்தான், கவனிக்கவும். ஆகவே மேலே எழுதியதை அடித்துவிட்டு வாசியுங்கள். பேச்சு முழுவதும் உங்களுடையது, வாயைத் திறப்பது மிகமிக அவசியம். நான் வேனிலேயே உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர்கள் தெருவில் வேன் நிறுத்த இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறாளாம்.